குடலிறக்கம் என்று சொல்லி வைத்த தழும்பு

மகனே,

நீ பிறந்து இருபத்துமூன்றாம் நாள் மத்தியானம், உன்னைக் குளிப்பாட்டித் துவாயால் ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கண்டேன். உன் விதைப்பையின் வலது பக்கம் திரண்டிருந்தது. இடது பக்கம் தட்டையாகக் கிடந்தது. தண்ணீர் ஆறிப்போனதால் அப்படி இருக்கிறதோ என்று நினைத்து, மறுநாள் தண்ணீரை நன்றாகச் சூடாக்கிக் குளிப்பாட்டினேன். அன்றும் அப்படியேதான் இருந்தது. உனக்குச் சட்டையைப் போட்டு, கால்சட்டையையும் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

இதை நான் எழுதும்போது உனக்கு ஒரு வயதும் மூன்று மாதமும். எனக்கு இருபது. நீ இதை வாசிக்கும்போது என்னைவிட வயதில் பெரியவனாக இருப்பாய். உன் கல்யாணப் பேச்சு தொடங்கியதும் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று, கிளினிக் அட்டையும் ஆஸ்பத்திரிக் கடதாசிகளும் வைத்திருக்கும் பிஸ்கட் தகரத்திலேயே இதையும் வைக்கப் போகிறேன். நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். அன்றைக்கு எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. இந்த வீட்டில் இந்த விஷயத்தைப் பற்றி யாருக்குமே வாய் வந்ததில்லை. உன் தொடை இடுக்கில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். அது என்ன என்று நீ கேட்கும் வயதில், குடலிறக்கத்துக்குச் செய்த ஒப்பரேஷன் என்று யாராவது உனக்குச் சொல்லிவிடுவார்கள். உன் அப்பாவின் தழும்பைப் பற்றி எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அது குடலிறக்கம் இல்லை. உன்னுடையதும் இல்லை. அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நான் யார் என்பதிலிருந்து சொன்னால்தான் நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்பது உனக்குப் புரியும். நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா கொழுந்து பறிக்கிற மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது, தம்பி தங்கச்சிகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. வகுப்பில் இருந்த காலத்திலும் டீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் எழும்பி நின்று தலையைக் குனிந்துகொள்வேன். பதினெட்டு முடிந்து பூனாகலைப் பக்கம் இந்தத் தோட்டத்துக்குக் கல்யாணமாகி வந்தேன். வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவும் அதை ஒட்டிப் பின்னால் இறக்கிய ஒரு அறையும்தான் வீடு. அதில் உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் உன் அப்பாவும் நானும். தாத்தா பாட்டி இருவரும் நான் வருவதற்கு முன்பே இறந்துபோய்விட்டார்கள். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை, மாதக் கடைசியில்தான் வருவார். பெரியப்பாவுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. பெரியம்மா கொழுந்து பறிக்கப் போவார். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம், குழந்தை இல்லை. பெரியம்மாவை நான் அக்கா என்று கூப்பிட்டேன். பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. புருஷனின் அண்ணன் எதிரில் நிற்கக்கூடாது என்று என்னை வளர்த்திருந்தார்கள். அவர் முன்வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் நான் பின்கதவால் சுற்றிக்கொண்டு போவேன். தேத்தண்ணியைக்கூடக் கதவோரம் வைத்துவிட்டு வளையலை ஆட்டிச் சத்தம் கொடுப்பேன்.

நீ பதுளைப் பெரியாஸ்பத்திரியில் எட்டாம் மாதத்திலேயே பிறந்தாய். இரண்டு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அட்டையில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தது. இது என்ன மிஸ் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நர்ஸ் சொல்லியிருப்பார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். உன் விஷயத்தில் நான் செய்த முதல் பிழை அது.

இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது. உன்னைக் கண்ட அந்த மத்தியானத்திலேயே, இது என்னால்தான் வந்தது என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். நீ வயிற்றில் இருந்தபோது ஒருநாள் கிரகணம். வெளியே போகாதே, கத்தியைத் தொடாதே, எதையும் வெட்டாதே என்று லயத்துப் பொம்பளைகள் எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்கு அப்பா வருகிற நாள். பசியோடு வருவாரே என்று, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வெங்காயம் வெட்டினேன். வெட்டியதை யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் உனக்கு ஒரு பக்கம் குறைந்துவிட்டது என்று இரவும் பகலும் நினைத்தேன். வெளியே தெரிந்தால், நீ என்ன பண்ணினாய் என்று கேட்பார்கள். கேட்டால் என் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் உன்னை மூடி வைத்தேன்.

எங்கள் லயத்தில் ஆண் குழந்தைகள் ஒரு வயதுவரை பெரும்பாலும் அரைஞாண் கயிற்றோடுதான் கிடக்கும். காலை வெயிலில் வாசலில் சாக்கு விரித்து எண்ணெய் தேய்த்து உருட்டுவார்கள். நீ மட்டும் கால்சட்டையோடு கிடந்தாய். பக்கத்துக் காம்பரா செல்லம்மா பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள்: "என்னா புள்ள, தொர மகனா வளக்கிற? சப்பாத்தையும் மாட்டிவிட்டா காலையில பெரட்டுக்கு ஆள் எண்ணவே அனுப்பிறலாம்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது வீட்டில் மூத்த பொம்பளையின் வேலை. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே பெரியம்மா அதற்கென்று ஒரு புதுச் சட்டியும், தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சின்னப் போத்தலும் வாங்கி வைத்திருந்தார். முதல் மூன்று வாரமும் நீ குறை மாசப் பிள்ளை என்பதால் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று மிட்வைஃப் சொல்லியிருந்தார். குளிப்பாட்டலாம் என்று சொன்ன அன்று பெரியம்மா மலையில் இருந்தார், அதனால் நானே குளிப்பாட்டினேன். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் கையில் உன்னைக் குளிக்கக் கொடுக்கவில்லை. அவர் வேலை முடிந்து வருவதற்குள் குளிப்பாட்டிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அவர் சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் காலை நீட்டி உட்கார்ந்து, "குடு புள்ள, நான் ஊத்துறேன்" என்பார். "இன்னைக்கு சளிக்கா" என்பேன். "மேல் காயுதுக்கா" என்பேன். பொய் தீர்ந்துபோனால் ஒன்றும் சொல்லாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்துவேன். அவர் நீட்டின காலை மடக்கிக்கொண்டு எழும்பிப் போவார்.

குழந்தை பெறாத பொம்பளையின் கையில் பச்சைப் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பெயர் வைக்கிற அன்று தொட்டிலில் போட அவரைக் கூப்பிடமாட்டார்கள். வளைகாப்பில் அவரை வளையல் போட விடமாட்டார்கள். நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை மகனே. ஆனால் நான் செய்தது வெளியே பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. ஒருநாள் கொழுந்து மடுவத்தில் நிறை போடும்போது செல்லம்மா எல்லோருக்கும் கேட்க, "என்னா, ஒங்க ஓரகத்தி புள்ளைய ஒங்க கையில குடுக்க மாட்டேங்குதாமே" என்று கேட்டிருக்கிறாள். பெரியம்மா என்ன சொன்னார் தெரியுமா? "எங் கை சொரசொரன்னு கெடக்கு செல்லம்மா, கொழுந்து பறிச்ச கை. புள்ளைக்கு ஒத்துக்காது. நான்தான் வேணான்னேன்." இதைப் பின்னால் செல்லம்மாதான் எனக்குச் சொன்னாள். பெரியம்மா சொல்லவில்லை.

அன்று சாயந்தரம் அவர் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெதுவாகத்தான் கேட்டார். "எங் கை ஆகாதுன்னு யாரும் ஒனக்குச் சொன்னாங்களா? சொல்லு புள்ள. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

நான் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் வேறு மாதிரிப் போயிருக்கும். இந்த ஒன்றேகால் வருஷத்தில் நான் திரும்பப் போய் மாற்ற விரும்புவது அந்த ஒரு சாயந்தரத்தை.

ஒவ்வொரு மாதமும் கிளினிக்கில் நிறை பார்க்கும்போது மிட்வைஃப், "எல்லாம் சரியா? வேற ஒண்ணும் பாத்தீங்களா?" என்று கேட்பார். "இல்ல மிஸ்" என்பேன். உன் கால்சட்டையைக் கழற்றச் சொன்னால் நீ அழுகிறாய் என்பேன். ஒன்பதாம் மாதம் ஊசிக்குப் போனபோது நீ அவர் மேசையிலேயே மூத்திரம் பெய்துவிட்டாய். நான் பையைத் திறந்து மாற்றுத்துணி எடுப்பதற்குள் அவரே ஈரத்தைக் கழற்றிவிட்டார். ஒரு நிமிஷம் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அட்டையைப் பிரித்து, பிறந்தபோது எழுதியிருந்த அந்த இங்கிலீஷ் வரியைத் தேடி எடுத்து என்னைப் பார்த்தார். "இது ஆறு மாசத்துல பாக்கணும்னு எழுதியிருக்கே. ஏம்மா சொல்லல்ல?" ஏச்சு வாங்கியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை.

பதுளைக்குக் கடிதம் கொடுத்தார்கள். முதல் தடவை சொன்ன நாளுக்கு நான் போகவில்லை. அப்பா லீவு போட்டு வரட்டும் என்று இருந்தேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. இன்னொரு நாள் வாங்கி, நான் மட்டும் உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். சேர்ஜரியில் ஒரு பொம்பளை டொக்டர். நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு உன்னைச் சோதித்தார். ஆண் பிள்ளைகளுக்கு விதை முதலில் வயிற்றுக்குள்தான் உண்டாகிறதாம். பிறப்பதற்கு முன் மெதுவாகக் கீழே இறங்கிப் பைக்குள் வந்து சேருமாம். சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டும், வழியிலேயே நின்றுவிடுமாம். பிறந்த பிறகும் ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கலாம். அதற்கு மேல் பெரும்பாலும் இறங்காது, ஒப்பரேஷன் செய்துதான் இறக்க வேண்டும். ஒரு வயது அளவில் செய்துவிட்டால் நல்லது. நாள் போகப் போக, உள்ளே இருக்கிற சூட்டில் அது கெடத் தொடங்கும்.

"ஏன் மிஸ் இப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். நான் ஒரு டொக்டரிடம் கேட்ட முதல் கேள்வி அது. குறை மாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கூடுதலாக வரும் என்றார். சில குடும்பங்களில் ஓடும் என்றார். அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு வருவது மற்றப் பிள்ளைகளைவிடக் கூட. அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்கும் பார்க்க வேண்டும். அம்மாவுடைய அண்ணன் தம்பிமாரையும் விசாரிக்க வேண்டும். ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாமலும் வரும், இருந்தும் வராமல் போகும். இந்த ஒரு காரணம்தான் என்று அநேகமான பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது என்றார். அப்போதுதான் நான் வெங்காயத்தைச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"கிரகணத்துல வெங்காயம் வெட்டினா கண்ணுல தண்ணி வரும். வேற நாள்ள வெட்டினாலும் வரும். வேற ஒண்ணும் வராது" என்றார். பிறகு கேட்டார், "இவரோட அப்பாவுக்கு இப்படி இருந்ததா? அவரோட அண்ணன் தம்பிக்கு?"

"இல்ல மிஸ்" என்றேன். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு கேள்வியை அப்பாவிடம் போய்க் கேட்க வேண்டிவருமே என்ற கூச்சத்தில், இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து என் அம்மாவுக்குப் போன் எடுத்து, மாமாமாருக்கு இப்படி ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். "ஏன்டி, கேக்குற கேள்வியா இது? வைடி போன" என்று வைத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து அவரே எடுத்து, "யாருக்கும் இல்ல. இனிமே கேக்காத" என்று சொல்லி மறுபடியும் வைத்தார். கூச்சம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியட்டும் என்று இதையும் எழுதுகிறேன்.

அந்த மாதக் கடைசியில் அப்பா வந்தார். நீ தூங்கிய பிறகு சொன்னேன். அவர் உன் போர்வையை விலக்கிப் பார்த்தார். பிறகு தன் தழும்பு இருக்கும் இடத்தில் கையை வைத்து, "இது குடலெறக்கம் இல்ல" என்றார். ஏழு வயதில் பள்ளிக்கூடத்துக்கு வந்த டொக்டர்மார் பிள்ளைகளைச் சோதித்தபோது கண்டுபிடித்து ஒப்பரேஷனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உன்னைப்போல ஒரு பக்கம். உன் தாத்தாதான் கூட்டிப் போயிருக்கிறார். வீட்டில் வேறு ஆண் பிள்ளை இருந்தால் அவனையும் கூட்டி வா என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அப்போது பெரியப்பாவுக்குப் பதினைந்து வயது.

"அண்ணனுக்கு ரெண்டு பக்கமும்" என்றார் அப்பா. "போற நாள் காலையில மலைக்குள்ள ஓடிப்போய் ஒளிஞ்சிக்கிட்டாரு. அப்பாவும் சரின்னு விட்டுட்டாரு. அதுக்கப்புறம் யாரும் பேசல்ல."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ வாயத் தெறக்காத."

அதைச் சொல்லிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போய்விட்டார். உன் அப்பா கெட்டவர் இல்லை மகனே. அவருடைய அப்பா அவரிடம் எப்படி இருந்தாரோ, அவர் என்னிடம் அப்படி இருந்தார். ஆனால் அவர் போன பிறகு அந்த வீட்டில் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. பதினொரு வருஷமாக அவர் எத்தனை மருந்து குடித்தார், எத்தனை தடவை கதிர்காமத்துக்கு நேர்ந்து நடந்தார் என்று எல்லாவற்றையும் அவர் வாயால் கேட்டிருக்கிறேன். பண்டாரவளையில் ஒரு டொக்டர் அவரைச் சோதித்துவிட்டு, உங்களுக்குக் கோளாறு இல்லை, வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா, "எனக்கென்னா கொற?" என்று கேட்டுவிட்டுப் போகவில்லை. அதனால் குறை பெரியம்மாவோடேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு கல்லாக நானும் உன்னை அவர் கையில் கொடுக்காமல் இருந்தேன்.

ஒரு ஞாயிறு பெரியம்மா துணி துவைக்கத் தண்ணீர்ப் பீலிக்குப் போயிருந்தார். பெரியப்பா இஸ்தோப்பில் கண்ணாடியைத் தொங்கவிட்டுச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அவரை என்னவென்று கூப்பிடுவது என்றுகூடத் தெரியாது. நீ கூப்பிட வேண்டிய பெயரால் கூப்பிட்டேன்.

"பெரியப்பா."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பாதி முகத்தில் சவுக்கார நுரை. "என்னா? புள்ளைக்கு என்னா?"

"புள்ளைக்கு ஒரு பக்கம் எறங்கல்லயாம். வீட்டுல வேற யாருக்கும் இப்படி இருந்துச்சான்னு டொக்டர் கேட்டாங்க."

கண்ணாடி பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் சொல்லிட்டானா?"

"ம்."

மிச்ச முகத்தையும் மெதுவாக வழித்து முடித்தார். நான் போகவில்லை. நீ நழுவாமல் உன்னை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டேன்.

"பதினஞ்சு வயசுல பயந்து ஓடுனேன்" என்றார். "கல்யாணம் பேசுனப்பயும் சொல்லியிருக்கணும். சொல்லல்ல. இப்ப என்னன்னு சொல்ல?"

"அக்கா பாவம்" என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல வந்தது.

"நானே சொல்லுறேன். தீவாளி கழியட்டும்."

தீபாவளி கழிந்தது. பொங்கலும் வந்து போனது. அவர் சொல்லவில்லை. நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டதற்கே என்னை மெச்சிக்கொண்டு, மீதி அவர் பொறுப்பு என்று இருந்துவிட்டேன். பெரியப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி? அவர் சொல்லாத ஒவ்வொரு நாளும் நானும் சொல்லாத நாள்தான்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. ஒரு பக்கம் பிறந்தபோதே சரியாக இருந்ததாலும், மற்றதை இரண்டு வயதுக்குள் இறக்கிவிட்டதாலும், உனக்குப் பிள்ளை பிறப்பதில் பெரும்பாலும் தடை இருக்காது என்றார்கள். பெரும்பாலும் என்றுதான் சொன்னார்கள், நான் கூட்டிச் சொல்லவில்லை. நான் மூடி வைத்த மாதங்களால் ஏதாவது குறைந்ததா என்று கேட்டேன். அதை அளந்து சொல்ல முடியாது என்றார் டொக்டர். அந்தப் பதிலோடுதான் நான் இருக்க வேண்டும். நீ பெரியவனானதும் குளிக்கும்போது மாதம் ஒரு தடவையாவது இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்துக்கொள். கல் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால், வீங்கினால், அன்றைக்கே டொக்டரிடம் போ. இப்படிப் பிறந்தவர்களுக்குப் பின்னால் கட்டி வருவது மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் நேரத்தோடு கண்டால் சுகமாக்கலாம் என்றார்கள். வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதே. நான் கடத்தினேன்.

உன்னைக் கட்டப்போகிறவளிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தையே அவளிடம் கொடு. உனக்கு மகன் பிறந்தால் முதல் நாளே டொக்டரிடம், எனக்கு இருந்தது, என் அப்பாவுக்கு இருந்தது, பெரியப்பாவுக்கு இருந்தது என்று சொல்லிப் பார்க்கச் சொல். வந்திருந்தால் அது யாருடைய குற்றமும் இல்லை. உன் பெண்டாட்டி எதை வெட்டினாள், எங்கே நடந்தாள் என்று ஒருவரும் அவளைக் கேட்க விடாதே. பிள்ளை பிறக்கத் தாமதமானால் சோதனைக்கு முதலில் நீ போ. அவளை முன்னால் அனுப்பிவிட்டு நீ பின்னால் நிற்காதே. நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாள். அதற்குப் பிறகு நடந்தவை பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் சொந்தமானவை, வேண்டுமானால் நீ அவர்களிடமே கேட்டுக்கொள். என் பங்கை மட்டும் எழுதுகிறேன்.

ஒப்பரேஷனுக்கு அப்பாவுக்கு ஒருநாள்தான் லீவு கிடைத்தது. அதனால் உன்னைத் துண்டு வெட்டிக் கூட்டி வரப் பெரியம்மாதான் வந்தார். குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் என்றுதான் அவரிடமும் சொல்லியிருந்தேன். வேலைக்குப் போகாமல், விடியக் கிளம்பி, சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். காயத்துக்கு மருந்து வைக்க நர்ஸ் உன்னைப் பிரித்தபோது அவரும் கட்டில் பக்கத்திலேயே நின்றார். இத்தனை மாதத்தில் அன்றுதான் அவர் உன்னை முழுதாகப் பார்த்தார். ஒரு சின்ன டொக்டர் கடதாசியை நிரப்பிக்கொண்டே, "குடும்பத்துல வேற யாருக்கும்?" என்று கேட்டார். இந்தத் தடவை, "புள்ளையோட அப்பாவுக்கு இருந்துச்சு" என்றேன். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவரோட அண்ணன் தம்பி?" என்றார் டொக்டர். "தெரியாது" என்று தலையைக் குனிந்தேன். தெரிந்துகொண்டு சொன்ன பொய் அது. அவர் எழுதிக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். அங்கே இருந்த பையனுக்கு இரண்டு பக்கமும் இறங்கவில்லை. அவனுடைய அம்மாவுக்கு அவர் விளக்கிச் சொன்னார்: இரண்டையும் இப்படியே விட்டுவிட்டால் பெரியவனான பிறகு பிள்ளை பிறப்பது கஷ்டம். பெரியம்மா உன் துணிகளை மடித்துக்கொண்டே அதைக் கேட்டார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

பண்டாரவளை பஸ்ஸில் இரண்டு பேர் சீட் கிடைத்தது. குலுக்கலில் காயம் வலித்து, நீ என் மடியில் இருக்காமல் நெளிந்து அழுதாய். பெரியம்மா கையை நீட்டினார், நீ போனாய். உன்னை நெஞ்சோடு அணைத்து, குலுங்காமல் காலை ஊன்றிக்கொண்டார். பஸ் ஹாலிஎல தாண்டியது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்குத்தான் நீ புள்ளைய எங்கிட்ட குடுக்கல்லயா?" என்றார்.

"ஆமாக்கா. வெக்கமா இருந்துச்சு."

"நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்." உன் தலையைத் தடவினார். பிறகு, முன் சீட்டுக்காரருக்குக் கேட்காத அளவுக்கு, "புள்ளையோட அப்பாவுக்கு மட்டுந்தானா?" என்றார்.

"நானே சொல்லுறேன்" என்று பெரியப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்காதே என்று அப்பா சொன்னதும் வந்தது. பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "இல்லக்கா, பெரியப்பாவுக்கும். ரெண்டு பக்கமும்" என்றேன்.